கிரியாட்டினின் தாறுமாறான இடைவெளியில், ஏசிஆர் பாதிக்கு மேல் காலி: டயாலிசிஸ் தேவையைக் கணிக்கும் மாடலை எப்படிக் கட்டுவது?

வளைகோடு

வணக்கம். ஒரு சிறுநீரகப் பிரிவின் வெளிநோயாளிப் பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கியவை, கையில் இருக்கின்றன. நாள்பட்ட சிறுநீரக நோயின் 3, 4ஆம் நிலைகளில் உள்ளவர்கள், ஏறக்குறைய நாலாயிரம் பேர், ஏழு வருஷத்து விவரம். அடுத்த 2 வருஷத்துக்குள் யாருக்கு டயாலிசிஸ் தேவைப்படும் என்று கணிக்க வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தநாளங்களை இணைக்கும் அறுவை) போட யாரை முன்கூட்டியே அழைப்பது என்று தீர்மானிக்க அது பயன்பட வேண்டும்.

வயது, பாலினம் எல்லோருக்கும் இருக்கிறது. கிரியாட்டினினும் இருக்கிறது, ஆனால் ஒருவருக்கு மாதாமாதம், இன்னொருவருக்கு ஒன்றரை வருஷத்துக்கு ஒன்று. சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம், அதாவது ஏசிஆர், பாதிப் பேருக்கு மேல் ஒரு தடவைகூடப் பார்க்கப்படவில்லை. பைகார்பனேட், பாஸ்பேட், ஹீமோகுளோபின் எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றும். மூன்றில் ஒரு பங்குப் பேர் 2 வருஷம் முடியும் முன்பே வருவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போதைய மாடல் இதுதான்: ஒவ்வொருவருக்கும் கடைசி ஐந்து வருகைகள், காலியிடங்களுக்கு முன்பின் மதிப்புகள், அப்படியும் மிஞ்சியதற்கு மொத்தச் சராசரி, பிறகு எக்ஸ்ஜிபூஸ்ட் (பல முடிவு மரங்களைக் கூட்டிக் கணிக்கும் பூஸ்டிங் முறை). வராமல் போனவர்கள் ‘டயாலிசிஸ் இல்லை’ கணக்கில். 80-20 பிரிப்பில் ஏயூசி (ஆபத்து கூடியவரை மேலே வரிசைப்படுத்தும் திறன், 1 என்றால் முழுமை) 0.96 வருகிறது.

இந்த எண்ணை நம்பலாமா? ஏசிஆர் இல்லாதவர்களை அப்படியே விட்டுவிட்டால் என்ன? நிரப்புவதானால் எதைக் கொண்டு நிரப்புவது?

உயிர்ப்புள்ளி

0.96ஐ ஒதுக்கி வையுங்கள். அட்டவணை அமைத்த விதத்திலேயே விடை உள்ளே கசிந்திருக்கிறது.

பெரிய ஓட்டை ‘கடைசி ஐந்து வருகை’. டயாலிசிஸுக்குப் போனவரின் கடைசி வருகை, டயாலிசிஸ் தொடங்குவதற்கு முந்தின வாரம். கிரியாட்டினின் 8, 9 என்று நிற்கும். போகாதவரின் கடைசி வருகையோ ஏதோ ஒரு வழக்கமான பரிசோதனை நாள். மாடல் வருங்காலத்தைக் கணிக்கவில்லை, முடிந்துபோனதைப் படித்துச் சொல்கிறது. நாளைக்கு ஒரு புது நோயாளி முன்னால் உட்காரும்போது அவருடைய ‘கடைசி’ வருகை எது என்று யாருக்கும் தெரியாது.

முதலில் கணிப்பு நாளை நிலைப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு குறிப்பு நாள் வையுங்கள்: ஜனவரி 1, ஜூலை 1, இப்படி. அந்த நாளில் உயிருடன் இருப்பவர், டயாலிசிஸ் தொடங்காதவர், முந்தைய 12 மாதத்துக்குள் குறைந்தது ஒரு வெளிநோயாளி கிரியாட்டினின் உள்ளவர், ஈஜிஎஃப்ஆர் (கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும், சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 15 முதல் 59க்குள் இருப்பவர்: இவர்களுக்கு மட்டும் ஒரு வரி. அந்த வரியில் உள்ள எல்லாம் அந்த நாளுக்கு முன்பு பதிவானவையாக இருக்க வேண்டும். விளைவு அதற்கடுத்த 730 நாளில் நடந்தது. ஒரே ஆளுக்கு ஏழெட்டு வரி வரும், பரவாயில்லை. ஆனால் ட்ரெயின் (பயிற்சி), டெஸ்ட் (சோதனை) பிரிப்பு வரிக்கணக்கில் இருக்கக் கூடாது, ஆள்கணக்கில் இருக்க வேண்டும். நம்பக எல்லைகளைப் பூட்ஸ்ட்ராப்பில் (மறுபடி மறுபடி மாதிரி உருவும் முறை) எடுத்தாலும் ஆளை ஆளாகத்தான் உருவ வேண்டும்.

அடுத்து, ‘முன்பின் மதிப்புகளால் நிரப்புதல்’. முன் மதிப்பை இழுத்துக்கொண்டு வரலாம். பின் மதிப்பை இழுத்தால் வருங்காலம் உள்ளே வந்துவிட்டது. இரண்டு அளவுகளுக்கு நடுவே நேர்கோடு போட்டு நிரப்புவதும் அதே தவறுதான். கோட்டின் மறுமுனை இன்னும் நடக்காத ஒரு பரிசோதனை. பைத்தானின் பாண்டாஸில் ஒரு வரிக் கட்டளையில் முடிகிற வேலை என்பதால் இது பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கசிவை அடைத்த பிறகும் ஏயூசி 0.88, 0.90 என்று வந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். 3ஏ நிலையில் (ஈஜிஎஃப்ஆர் 45 முதல் 59) உள்ளவரையும் 4ஆம் நிலையில் உள்ளவரையும் ஒரே குவியலில் போட்டால், ஈஜிஎஃப்ஆர் என்ற ஒரே எண்ணே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். டங்ரி குழுவினர் 2011இல் வெளியிட்ட கேஎஃப்ஆர்ஈ (சிறுநீரகச் செயலிழப்பு ஆபத்து) சமன்பாடு வயது, பாலினம், ஈஜிஎஃப்ஆர், ஏசிஆர் என்ற நாலே விவரத்தை வைத்துக்கொண்டு, 2016இல் பல நாடுகளைச் சேர்ந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, 2 வருஷக் கணிப்பில் 0.90 காட்டியது. உங்கள் மாடலின் போட்டி அதனோடுதான். 4ஆம் நிலையில் உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஃபிஸ்டுலா பற்றிய முடிவு எடுக்கப்படுவது அந்தக் கூட்டத்தில்தான்.

வராமல் போனவர்களை ‘இல்லை’ என்று வைப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்யும். அவர்கள் நன்றாக இருக்கலாம், வேறு ஊரில் டயாலிசிஸில் இருக்கலாம், இறந்திருக்கலாம். இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

நெஃப்ரான்

மருத்துவப் பக்கத்திலிருந்து சில.

‘டயாலிசிஸ்’ என்ற விளைவை எப்படி வரையறுத்திருக்கிறீர்கள்? பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு, இவற்றால் திடீரென்று சிறுநீரகம் நின்று நாலைந்து முறை டயாலிசிஸ் செய்துகொண்டு மீண்டவர்கள் பதிவேட்டில் ‘டயாலிசிஸ்’ என்றே இருப்பார்கள். 90 நாளுக்கு மேல் தொடர்ந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள். மறுபக்கம், டயாலிசிஸ் தேவைப்பட்டும் செய்துகொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்: பணமில்லை, தூரம், வயதானவர் வேண்டாம் என்றுவிட்டார். அவர்களை ‘இல்லை’ என்று பயிற்றுவித்தால், வசதியில்லாதவருக்கு நோய் மெதுவாகப் போகிறது என்று மாடல் கற்றுக்கொள்ளும். அதனால் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், அல்லது 90 நாள் இடைவெளியில் இரண்டு முறை உறுதியான ஈஜிஎஃப்ஆர் 10க்குக் கீழ், இவற்றில் எது முதலில் வந்தாலும் விளைவு என்று வையுங்கள்.

கிரியாட்டினின் எல்லாம் ஒரே தரமல்ல. உள்நோயாளியாக இருந்தபோது எடுத்தவற்றைத் தனியாகக் குறியிடுங்கள். 48 மணி நேரத்தில் 0.3 ஏறியது, 7 நாளில் ஒன்றரை மடங்கானது, இவை திடீர்ப் பாதிப்பு. நாள்பட்ட போக்கில் சேர்க்கக் கூடாது. தூக்கிப் போடவும் வேண்டாம். ‘முந்தைய வருஷத்தில் திடீர்ப் பாதிப்பு வந்ததா’ என்பது நல்ல ஊகக் குறி. ராமிப்ரில், டெல்மிசார்டன், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை தொடங்கிய சில வாரங்களில் ஈஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்கும். சிறுநீரகம் கெட்டதால் வரும் இறக்கம் அல்ல அது; மருந்து தொடங்கிய தேதி தெரியாத மாடல் அதைச் சரிவு என்றே எடுத்துக்கொள்ளும்.

நேர்மாறான ஏமாற்றும் உண்டு. நோய் முற்ற முற்ற உடல் மெலிந்து தசை கரைகிறது. கிரியாட்டினின் உற்பத்தியே குறைகிறது. ஈஜிஎஃப்ஆர் நிலையாக இருப்பதுபோலத் தோன்றும். எடை, சீரம் ஆல்புமின் இரண்டும் வரிசையாகக் குறைந்துகொண்டே வரும்போது கிரியாட்டினின் மட்டும் அசையாமல் நின்றால் நல்ல செய்தி என்று எடுக்க வேண்டாம்.

காலியிடங்களைப் பற்றி: ஏசிஆர் ஏன் இல்லை என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வருஷத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அநேகமாக எழுதுவதில்லை. எழுதினாலும் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டியவர் செய்துகொள்ளாமல் போகிறார். பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் இருக்கிறதென்றால் மருத்துவர் ஏற்கெனவே கவலைப்பட்டிருக்கிறார் என்று பொருள். பரிசோதனை எழுதப்பட்டதே ஒரு மருத்துவரின் கணிப்பு.

இதன் உச்சம்: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, கை ரத்தநாள டாப்ளர், எரித்ரோபொய்ட்டின் ஊசி. குறிப்பு நாளுக்கு முன்பே நடந்திருந்தாலும் இவற்றை உள்ளீடாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. டயாலிசிஸ் வரப்போகிறது என்று மருத்துவர் நினைத்த பிறகு பெரும்பாலும் செய்பவை இவை. மாடல் அவரையே எதிரொலிக்கும், ஏயூசி உயரும், யாருக்கும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

ஆய்வகமேசை

நிரப்புவதற்கு முன்னால், உள்ளே இருக்கும் எண்கள் சரியா என்று பாருங்கள்.

கிரியாட்டினின் அலகு கலந்திருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். மி.கி./டெ.லி.யில் மனிதருக்கு 0.3 முதல் 20 வரை, மைக்ரோமோல்/லி. என்றால் அதன் 88.4 மடங்கு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஏசிஆர் அப்படியல்ல. மி.கி./கிராம், மி.கி./மி.மோல் இரண்டுக்கும் 8.84 மடங்கு வித்தியாசம், ஆனால் 113 என்ற எண் இரண்டு அலகிலும் இயல்பாக வரக்கூடியது. எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த ஆய்வகம், எந்தக் காலம் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அதன் விளைவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 60 வயது ஆண், கிரியாட்டினின் 2.4. சிகேடி-எபி 2021 சமன்பாட்டில் ஈஜிஎஃப்ஆர் 30. ஏசிஆர் 1000 மி.கி./கிராம் என்றால், வட அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களுக்கான கேஎஃப்ஆர்ஈயில் 5 வருஷ ஆபத்து 33 சதவீதம். அதே முடிவு 113 மி.கி./மி.மோல் என்று வந்து, யாரோ அதை மி.கி./கிராம் பத்தியில் போட்டுவிட்டால் 14 சதவீதம். ஏசிஆர் உண்மையிலேயே 30தான் என்றால் 8 சதவீதம். ஒரே ஆள், ஒரே கிரியாட்டினின். காலியாக இருக்கும் அந்த ஒரு கட்டம் 8க்கும் 33க்கும் நடுவே எதையும் மறைத்துவைக்க முடியும். அதனால் சராசரியால் நிரப்பினோம் என்பது எந்த விதத்திலும் பாதுகாப்பான வழி இல்லை.

‘<5’, ‘>300’ என்று எழுத்தாக வந்தவை எண்ணாக மாற்றும்போது காலியாகிவிடும். அவை விடுபட்டவை அல்ல. எல்லைக்கு வெளியே போனவை, அதிலும் ‘>300’ என்பவர்தான் உங்களுக்கு மிக முக்கியமானவர். 0 என்று இருப்பவை பெரும்பாலும் ‘செய்யவில்லை’. இரண்டையும் மூலப் பதிவிலிருந்து மறுபடி எடுங்கள்.

ஏசிஆர் இல்லாதவர்களில் பலருக்கு சாதாரண யூரின் ரொட்டீன் இருக்கும். அதில் புரதம் நில், ட்ரேஸ், 1+, 2+, 3+ என்று வரும். 1+ என்பது ஏறக்குறைய 30, 2+ என்பது 100, 3+ என்பது 300 மி.கி./டெ.லி. கூடவே ஒப்படர்த்தியையும் எடுங்கள். தண்ணீர் குடிக்காமல் வந்தவரின் 1.030 சிறுநீரில் வரும் 1+க்கும், 1.005இல் வரும் 1+க்கும் பொருள் வேறு. 24 மணி நேரப் புரதம், புரத-கிரியாட்டினின் விகிதம் இருந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. மாதவாரியாக எல்லா நோயாளிகளின் கிரியாட்டினின் நடுமதிப்பையும் ஆய்வகம் வாரியாக வரைந்து பாருங்கள். கிரியாட்டினினை அளக்கும் ஜாஃபே முறையிலிருந்து என்சைம் முறைக்கு மாறிய மாதத்தில் ஒரு படி தெரியும். அந்தப் படியை மாடல் நோயின் போக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜாஃபேயில் கீட்டோன், சில செஃபலோஸ்போரின் மருந்துகள் இருந்தால் கிரியாட்டினின் பொய்யாக ஏறும். பிலிருபின் கூடினால் பொய்யாக இறங்கும்.

தரவுப்பசி

ஒழுங்கற்ற இடைவெளிக்கு ஜிஆர்யூ-டி என்ற நரம்பு வலைப்பின்னல் மாடல் இருக்கிறதே? கடைசி மதிப்பு நாளாக ஆகத் தேய்ந்து சராசரியை நோக்கிப் போகும்படி அதுவே கற்றுக்கொள்ளும், காலியா இல்லையா என்ற முகமூடியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இவ்வளவு கைவேலை எதற்கு?

மாடல்பட்டறை

@தரவுப்பசி, ஜிஆர்யூ-டி நல்ல யோசனைதான். ஆனால் அது பேர்பெற்றது தீவிர சிகிச்சைப் பிரிவின் டேட்டாவில்; அங்கே ஒருவருக்கு ஒரு நாளிலேயே பல டஜன் அளவுகள் வரும். இங்கே ஒருவருக்கு வருஷத்துக்கு மூன்று கிரியாட்டினின். நாலாயிரம் பேரில் விளைவு நடந்தவர் எத்தனை என்பதுதான் உண்மையான அளவு, அது சில நூறைத் தாண்டாது. அந்த எண்ணிக்கைக்கு ஒரு கலப்பு விளைவு மாடலும் ஒரு பூஸ்டிங் மாடலும் போதும்.

@வளைகோடு, சரிவு வேகத்தைக் கையால் கணக்கிட்டிருந்தால் நிறுத்துங்கள். ஏன் என்று பாருங்கள். உடலில் எந்த மாற்றமும் இல்லாமலே கிரியாட்டினின் 5 சதவீதம் அளவில் ஏறி இறங்கும். சமன்பாட்டில் அடுக்கு 1.2 என்பதால் ஈஜிஎஃப்ஆரில் அது 6 சதவீதம். 40இல் இருப்பவருக்கு 2.4 அலகு. இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில் 3.4. மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டை வைத்து வருஷக் கணக்குப் போட்டால் 4ஆல் பெருக்க வேண்டும்: 13.6. உண்மையான சரிவு வருஷத்துக்கு 2 முதல் 5 அலகு என்றிருக்கும் இடத்தில், பிழை அதைப்போல் பல மடங்கு. அடிக்கடி பரிசோதனை செய்துகொண்டவருக்குப் பயங்கரமான ஏற்ற இறக்கமும், ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறை வந்தவருக்கு அமைதியான கோடும் கிடைக்கும். இரண்டுமே நோயைப் பற்றியவை அல்ல.

அதற்குப் பதில், ஆள்வாரியாகத் தொடக்கமும் சரிவும் மாறக்கூடிய கலப்பு விளைவு மாடல். ஆர் மொழியில் எல்எம்இ4 தொகுப்பு போதும். அளவுகள் குறைவாக உள்ளவரின் சரிவைப் பொதுச் சரிவுப் பக்கம் இழுத்துவைக்கும்; நிறைய உள்ளவரை அவர் போக்கில் விடும். ட்ரெயின் பகுதியில் பொருத்தி, ஒவ்வொரு குறிப்பு நாளுக்கும் அன்றுவரை உள்ள அளவுகளை மட்டும் கொடுத்து அந்த ஆளின் சரிவை எடுத்து, பூஸ்டிங்குக்கு ஒரு பத்தியாகக் கொடுங்கள். கூடவே ‘கடைசி அளவு எத்தனை நாள் பழையது’, ‘முந்தைய 12 மாதத்தில் எத்தனை அளவு’ என்ற இரண்டு பத்திகள்.

வளைகோடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. குறிப்பு நாள் முறையில் அட்டவணையை மாற்றி அமைத்தபோது ஏயூசி 0.87க்கு இறங்கியது, 4ஆம் நிலையில் மட்டும் 0.76. ஆய்வகமேசை சொன்ன எழுத்து மதிப்புகளை மீட்டதில் ஏசிஆர் காலியிடம் ஓரளவு குறைந்தது, யூரின் ரொட்டீன் பெரும்பாலானவர்களுக்கு இருக்கிறது.

இப்போது இரண்டு கேள்வி. மிஞ்சிய ஏசிஆர் காலியிடத்தை எக்ஸ்ஜிபூஸ்டிடமே விட்டுவிடலாமா, இல்லை மைஸ் முறையில் (மற்ற பத்திகளை வைத்துப் பல தடவை நிரப்புவது) நிரப்ப வேண்டுமா? வராமல் போனவர்களை எப்படி நடத்துவது?

மாடல்பட்டறை

முதல் கேள்விக்கு. எக்ஸ்ஜிபூஸ்ட் காலியிடத்தை நிரப்புவதில்லை. மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் காலியானவர்களை இடப்பக்கம் அனுப்புவதா வலப்பக்கமா என்று பயிற்சியில் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். ‘ஏசிஆர் எழுதப்படவில்லை’ என்ற செய்தியையும் அது பயன்படுத்திக்கொள்கிறது. மருத்துவமனையின் பழக்கம் மாறாதவரை அது லாபம். ஆனால் உங்கள் மாடல் நடைமுறைக்கு வந்து, அதனாலேயே எல்லோருக்கும் ஏசிஆர் எழுதத் தொடங்கினால், காலி என்பதன் பொருளே மாறிவிடும். நேற்றுவரை காலி என்றால் ‘மருத்துவர் கவலைப்படவில்லை’. நாளைக்குக் காலி என்றால் ‘நோயாளியால் பணம் கட்ட முடியவில்லை’. மாடலுக்கு இந்த மாற்றம் தெரியாது.

ஆகவே ஏசிஆரை மட்டும் நிரப்புங்கள், மற்ற சில்லறைப் பத்திகளை எக்ஸ்ஜிபூஸ்டிடம் விடுங்கள். ஏசிஆரின் மடக்கையை எடுத்து நிரப்புங்கள். நேர் எண்ணில் வால் மிக நீளம். நிரப்பும் மாடலுக்குள் டிப்ஸ்டிக் புரதம் (யூரின் ரொட்டீனில் வருவது), ஒப்படர்த்தி, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஈஜிஎஃப்ஆர், சீரம் ஆல்புமின், ராமிப்ரில் வகை மருந்து, இவை எல்லாம் போக வேண்டும். சைகிட்-லேர்னின் இட்டரேட்டிவ் இம்ப்யூட்டரை (காலியிடம் நிரப்பும் கருவி) அப்படியே ஓட்டினால் ஒவ்வொரு காலியிடத்துக்கும் ஒரே ஒரு ‘சிறந்த’ மதிப்பைத்தான் தரும். பரவல் சுருங்கி, எல்லோரும் நடுத்தரமாகிவிடுவார்கள். பின்பரவலிலிருந்து (சாத்தியமான மதிப்புகளின் பரவல்) மாதிரி எடுக்கும் தேர்வை இயக்கி, வெவ்வேறு விதை எண்களில் பல முறை ஓட்டுங்கள். எத்தனை முறை என்றால், காலி எத்தனை சதவீதமோ ஏறக்குறைய அத்தனை: 40 சதவீதம் காலி என்றால் 40 நிரப்பிய தொகுப்பு. ஒவ்வொன்றிலும் கணித்து, வரும் ஆபத்துகளைச் சராசரி எடுங்கள்.

இம்ப்யூட்டர் ட்ரெயின் பகுதிக்குள் மட்டும் பொருத்தப்பட வேண்டும். விளைவை அதற்குள் கொடுக்கலாமா என்று கேள்வி வரும். காரண ஆய்வில் கொடுப்பார்கள், கொடுக்கவும் வேண்டும். இங்கே வேண்டாம். நாளைக்கு வரும் நோயாளியின் காலியிடத்தை நிரப்பும்போது அவருடைய விளைவு உங்களிடம் இருக்கப்போவதில்லை. பயிற்சியிலும் பயன்பாட்டிலும் நிரப்பும் விதம் ஒன்றாக இருக்கட்டும். அதே காரணத்தால், பொருத்திய இம்ப்யூட்டரை மாடலோடு சேர்த்துச் சேமியுங்கள். ஒற்றை வரி கொடுத்தால் அது வேலை செய்கிறதா என்று இப்போதே சோதியுங்கள். பல இடங்களில் திட்டம் முட்டி நிற்பது இங்கேதான்: மொத்த அட்டவணை இருந்தால்தான் நிரப்ப முடியும் என்று எழுதிவைத்திருப்பார்கள்.

சரிபார்க்க இரண்டு வழி. ஏசிஆர் இருப்பவர்களில் சிலருடையதை மறைத்து, நிரப்பி, உண்மையோடு ஒப்பிடுங்கள். இது ‘காலியாவதற்கான காரணம் மற்ற பத்திகளில் இருக்கிறது’ என்ற அனுமானத்தை நிரூபிக்காது, நிரப்பும் இயந்திரம் ஓடுகிறதா என்று மட்டுமே காட்டும். முக்கியமானது அடுத்தது: கணித்த ஆபத்துக்கும் நடந்ததற்கும் உள்ள பொருத்தத்தை, ஏசிஆர் இருந்தவர்களுக்குத் தனியாகவும் இல்லாதவர்களுக்குத் தனியாகவும் வரையுங்கள். இல்லாதவர்களின் கோடு மட்டும் விலகி நின்றால் உங்கள் நிரப்பல் அவர்களுக்குப் பொருந்தவில்லை.

நெஃப்ரான்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய பதிவில் உள்ள காலியிடமும், இன்று எதிரே உட்கார்ந்திருப்பவரின் காலியிடமும் ஒன்றல்ல. பழையதை நிரப்பித்தான் ஆக வேண்டும். இன்றையதை ஒரு சிறுநீர்ப் பாட்டில் கொடுத்து அளந்துவிடலாம். ஆகவே ஏசிஆர் இல்லாதவருக்கு மாடல் ஒற்றை எண்ணைக் காட்டக் கூடாது. நிரப்பிய 40 மதிப்புகளில் வரும் ஆபத்தின் பரப்பைக் காட்டட்டும். அந்தப் பரப்பு முடிவெடுக்கும் எல்லையைக் குறுக்கே வெட்டினால் ‘ஏசிஆர் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்’ என்று சொல்லட்டும். இரண்டு முனையும் எல்லைக்கு ஒரே பக்கம் என்றால் பரிசோதனை இல்லாமலே முடிவெடுக்கலாம். பணத்தை எண்ணிச் செலவழிக்கும் இடத்தில் இது பெரிய உதவி.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் நோயாளிகளில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள விவசாயத் தொழிலாளர்கள் இருந்தால், அதாவது இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானத்திலும் காணப்படும் வகை, அவர்களுக்கு ஆல்புமின் அதிகம் ஒழுகாமலே ஈஜிஎஃப்ஆர் விழும். சர்க்கரை நோயாளிகளிடம் கற்ற உறவை வைத்து அவர்களுடைய ஏசிஆரை நிரப்பினால் பொய்யாக உயரும். நிஜமாக அளந்தால் குறைவாக இருந்து மாடல் ஆபத்தைக் குறைத்துச் சொல்லும். நோய்க்காரணம் என்ற பத்தியை, தெளிவில்லாமல் இருந்தாலும், விடாமல் சேருங்கள்.

உயிர்ப்புள்ளி

வராமல் போனவர்கள் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

மூன்று நிலையைப் பிரியுங்கள்: டயாலிசிஸ், அதற்கு முன் மரணம், தொடர்பு விட்டது. மரணத்தைத் தொடர்பு விட்டதோடு சேர்க்கக் கூடாது. 78 வயது, ஈஜிஎஃப்ஆர் 25, இதய நோயும் உள்ளவர் டயாலிசிஸுக்கு முன் இதயத்தால் இறக்க வாய்ப்பு அதிகம். மரணத்தை வெறும் தணிக்கையாக (அதற்குப் பின் என்ன நடந்தது என்று தெரியாததாக) நடத்தினால் அவருடைய டயாலிசிஸ் ஆபத்து ஊதிப்போகும். தேவையில்லாத ஃபிஸ்டுலா போடுவோம். வயதானவர்களிடம் கேஎஃப்ஆர்ஈயும் இதனாலேயே கூடுதலாகச் சொல்வதுண்டு.

எளிய வழி: 2 வருஷத்தை எட்டுக் காலாண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு ஆளும் தொடர்பில் இருந்த காலாண்டு ஒவ்வொன்றும் ஒரு வரி. விளைவு மூன்று வகை: எதுவும் இல்லை, டயாலிசிஸ், மரணம். எக்ஸ்ஜிபூஸ்டைப் பல்வகை நிகழ்தகவு முறையில் ஓட்டுங்கள், காலாண்டு எண்ணும் ஒரு பத்தி. பிறகு ஒவ்வொரு காலாண்டின் டயாலிசிஸ் நிகழ்தகவையும், அதுவரை எதுவும் நடக்காமல் இருந்த நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் 2 வருஷ ஆபத்து. ஐந்தாம் காலாண்டில் தொடர்பு விட்டவர் முதல் நான்குக்குப் பங்களிப்பார், அதற்கு மேல் பொய் சொல்ல மாட்டார். ஆலன்-யோஹான்சன் மதிப்பீட்டை (மரணத்தையும் தனி நிகழ்வாக வைத்துக் கணக்கிடுவது) அந்தந்த ஆபத்துக் குழுவுக்கு வரைந்து இதோடு ஒப்பிடுங்கள்.

ஆனால் இது ஒரு அனுமானத்தில் நிற்கிறது: அதே வயது, அதே ஈஜிஎஃப்ஆர் உள்ளவர்களில் வந்தவரும் வராதவரும் ஒரே மாதிரி என்று. அது பெரும்பாலும் உண்மையல்ல. காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்குப் பக்கத்து ஊரில் டயாலிசிஸ் கிடைத்தவர் உங்களிடம் ஏன் வரப்போகிறார்? வீட்டிலிருந்து தூரம், காப்பீட்டு வகை, முந்தைய வருகைகளைத் தவறவிட்ட எண்ணிக்கை, இவற்றை வைத்து யார் விடுபடுவார் என்று ஒரு தனி மாடல் கட்டி, விடுபடாமல் இருக்கும் நிகழ்தகவின் தலைகீழை எடையாகக் கொடுங்கள். மிகப் பெரிய எடைகளை 99ஆம் சதமானத்தில் வெட்டுங்கள், இல்லையென்றால் பத்துப் பேர் மொத்த மாடலையும் இழுத்துக்கொண்டு போவார்கள்.

அதற்கு மேல் எந்தக் கணக்கும் உதவாது, தொலைபேசிதான் உதவும். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, அடையாளக் குறியீடு யாரிடம் இருக்கிறதோ அவர் மூலமாக, விடுபட்டவர்களில் குலுக்கல் முறையில் ஒரு 150 பேரைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி: உயிருடன் இருக்கிறாரா, டயாலிசிஸா, எப்போது முதல். ஈஜிஎஃப்ஆர் 20க்குக் கீழே இருந்து காணாமல் போனவர்களைக் கூடுதல் பங்கில் எடுங்கள். இந்த 150 பேர் விவரம், நாலாயிரம் பேர் பதிவில் எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் கிடைக்காதது.

அழைக்க முடியாது என்றால் இரண்டு எல்லையில் ஓட்டுங்கள்: 20க்குக் கீழே விடுபட்ட எல்லோரும் மூன்று மாதத்தில் டயாலிசிஸுக்குப் போனதாக ஒரு முறை, ஒருவரும் போகாததாக ஒரு முறை. ஃபிஸ்டுலாவுக்கு அழைக்க வேண்டியவர் பட்டியல் இரண்டிலும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பாருங்கள்.

வளைகோடு

150 பேர் அழைப்புக்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் தயார் செய்கிறேன். ஃபிஸ்டுலாவுக்கு எந்த எல்லையை வைப்பது?

நெஃப்ரான்

கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டல் 2 வருஷ ஆபத்து 40 சதவீதத்தைத் தாண்டினால் டயாலிசிஸ் வழி, மாற்றுச் சிறுநீரகம் பற்றிய ஏற்பாட்டைத் தொடங்கச் சொல்கிறது. 10 சதவீதத்துக்கு மேல் என்றால் பல்துறைக் கவனிப்பு. ஃபிஸ்டுலா போட்டு அது ஊசி குத்தும் பதத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் வேண்டும், சிலருக்கு முதல் முறை சரியாக அமையாது. அதையும் கணக்கில் வையுங்கள்.

உயிர்ப்புள்ளி

அப்படியானால் பொருத்தக் கோட்டை 30 முதல் 50 சதவீதப் பகுதியில் பெரிதாக்கிப் பாருங்கள். மொத்த ஏயூசியைத் தீர்மானிப்பது 3ஏ நிலைக் கூட்டம். இந்தப் பகுதியில் இருப்பவர் கொஞ்சம் பேர். மாடல் 40 சதவீதம் என்று சொன்னவர்களில் உண்மையில் 25 சதவீதம் பேருக்குத்தான் நடந்தது என்றால், ஆட்களை வரிசைப்படுத்துவதில் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அதை வைத்து அறுவைக்கு அழைக்கக் கூடாது. பழைய வருஷங்களில் பயிற்றி, கடைசி 2 வருஷக் குறிப்பு நாட்களில் சோதித்து, அங்கே விலகல் தெரிந்தால் முதலில் தொடக்க நிலையை (எல்லோருக்கும் பொதுவான அடிப்படை ஆபத்தை) மட்டும் திருத்துங்கள். மரங்களை மறுபடி வளர்க்கத் தேவைப்படாமலே பல நேரம் சரியாகிவிடும்.